இடப்பக்கத்துக்காரன்

சங்ககிரி போகிற ரோட்டோரம், ஒரு முருங்கை மரத்தடியில் ஒரு குரு இருந்தார். தாடி இல்லை. காவி இல்லை. மேல் பட்டன் அறுந்த காக்கிச் சட்டை. அவருக்கு ஒரே ஒரு சீடன். இருவருக்கும் சேர்த்து ஒரு லாரி.

குருவின் பெயர் ராக்கியண்ணன். அந்த லாரியின் வலது சீட்டில் உட்கார்ந்து முப்பது வருஷம் ஓட்டியவர். சீடன் பெயர் சீரங்கன். அதே முப்பது வருஷம் இடது சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, 'வரலாம், வரலாம், போலாம்' என்று சொல்லிக்கொண்டே வந்த கிளீனர்.

இப்போது மூவருக்கும் வயசாகிவிட்டது. லாரி ரெண்டு வருஷமாக வீட்டு முற்றத்து முருங்கை மரத்தடியில் நின்றது. ராக்கியண்ணனுக்கு ரெண்டு வருஷமாகக் கண் தெரியாது.

"நான் சர்க்கரையத் தின்னேன். சர்க்கரை என்னோட கண்ணத் தின்னுது. சரிக்குச் சரி" என்பார், கேட்கிறவர்களிடம்.

சீரங்கனுக்குத் தலை நரைத்துவிட்டது. வாய் மட்டும் நரைக்கவில்லை. எந்தக் குரலைக் கேட்டாலும் மறு நிமிஷம் அது அவன் தொண்டைக்குள் குடி வந்துவிடும். ஆந்திரா செக்போஸ்ட்காரர், பஞ்சர் கடை பாய், லோடு ஏற்றும் மேஸ்திரி, ராக்கியண்ணன், ராக்கியண்ணன் சம்சாரம் பாவாயி, எல்லாரும் அந்தத் தொண்டைக்குள் இடித்துப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

அன்று காலை சீரங்கன், ராக்கியண்ணனுடைய மகன் குரலில் வந்தான். மகனுக்குச் சேலத்தில் வேலை.

"அப்பா, ரிஸ்க் எடுக்காதீங்கப்பா. வேன் புக் பண்ணிக்கலாம்ப்பா."

"டேய் சீரங்கா, அவன் ராத்திரியே போன்ல சொல்லிட்டான். நீ வேற எதுக்கு?"

"என்னங்ணா சொன்னாரு?"

"இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வண்டி வாசக் கேட்டத் தாண்டி ரோட்டுல நிக்கோணுமாம். நிக்கலைன்னா வேன் புக் பண்ணிருவானாம்."

பேத்தி தாரணிக்கு நாளை மறுநாள் சீர் போகிறது. மாப்பிள்ளை வீடு ஏற்காட்டில். கட்டில், பீரோ, பித்தளை அண்டா, எல்லாம் வீட்டுக்குள் தயாராகக் கட்டி வைத்திருந்தது. தாரணி பாவாடை கட்டிய வயசில் ராக்கியண்ணன் மடியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பி விளையாடுவாள். 'உன் சீரு இந்த வண்டியிலதான் சாமி போகும்' என்று அவர் அப்போது சொன்னார். அவள் அதை மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை. கண்தான் நடுவில் ஏமாற்றிவிட்டது.

வேறு டிரைவரை வைக்க அவர் ஒப்பவில்லை.

"என் ஸ்டீயரிங்குல கண்டவன் கை படக் கூடாது. சீரங்கன் ஓட்டட்டும்."

சீரங்கனிடம் லைசென்ஸ் இருந்தது. தவறாமல் புதுப்பிப்பான். துண்டில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பான். ஆனால் குடோன் வாசலில் முன்னே பின்னே நகர்த்தியதோடு சரி. ரோட்டில் ஒரு நாளும் வலது சீட்டில் உட்கார்ந்ததில்லை.

அவன் குருவுக்கு எதிரே குந்தினான். இந்த முறை யார் குரலும் இல்லை.

"அண்ணா, எனக்கு அந்தப் பக்கமே தெரியாதுங்களே. எப்படிங்ணா ஓட்டறது?"

ராக்கியண்ணன் முகத்தை லாரி இருந்த திசைக்குத் திருப்பினார்.

"பின்னாடி பிரேக்கக் கழட்டு" என்றார்.

*

அந்த வீட்டில் பிரேக் வேலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜைக்கு முன்னால் லாரியை வாசலில் நிறுத்தி, பின் சக்கரங்களைக் கழற்றுவார்கள். வலது சக்கரம் டிரைவருக்கு. இடது சக்கரம் கிளீனருக்கு. அவனவன் உட்காருகிற பக்கம் அவனவனுக்கு. முப்பது வருஷத்தில் ஒருவர் பக்கத்தை இன்னொருவர் தொட்டதில்லை.

வேலை முடிந்து ரோட்டில் ஓட்டிப் பார்ப்பார்கள். பிரேக் அடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறதா, சீரங்கனுக்குத் திட்டு. வலப்பக்கம் இழுக்கிறதா, ராக்கியண்ணன் வாயே திறக்காமல் அன்றைக்கு டீ வாங்கிக் கொடுப்பார்.

சீரங்கன் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தான். ஜாக்கி ஏற்றினான். அச்சுக்கு அடியில் தடித்த மரக்கட்டைகளை அடுக்கி, அதன்மேல் லாரியை உட்கார வைத்தான். ராக்கியண்ணன் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து காதைக் கொடுத்தார்.

இடது பக்கம் சக்கரங்கள் கழன்று வந்தன. டிரம் வரவில்லை. பெரிய இரும்புச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது. ரெண்டு வருஷத் துரு. சீரங்கன் சுத்தியலை எடுத்து நாலு போடு போட்டான்.

"அடிக்காத."

"அசைய மாட்டேங்குதுங்ணா."

"உள்ளாற ரெண்டு பேரு அணைச்சுப் புடிச்சிட்டு இருக்கறாங்க. வெளிய நின்னு அடிச்சா விடுவாங்களா? மொதல்ல தளத்து."

சீரங்கன் நாக்கைக் கடித்துக்கொண்டான். தெரிந்ததுதான். டிரம்முக்குப் பின்னால் சின்ன ஓட்டை. அதற்குள் திருப்புளியை விட்டு, பல்லுச் சக்கரத்தைக் கிடுக் கிடுக்கென்று திருப்பினான். உள்ளே அணைத்திருந்த ரெண்டு பிரேக் ஷூவும் பிடியைத் தளர்த்தின. கையால் ஒரு தட்டு. டிரம் வழுக்கிக்கொண்டு மடியில் வந்து விழுந்தது.

உள்ளே கறுப்புத் தூசி. சீரங்கன் கன்னத்தை உப்பினான்.

"ஊதாத. ஈரத்துணியால தொடை. அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது."

"நான் ஊதப் போறேன்னு எப்படிங்ணா தெரிஞ்சுது?"

"நீ பேச்ச நிறுத்துனியே."

பிறகு சீரங்கனின் கைகள் தானாகவே வேலை பார்த்தன. மேலே ஒரு ஸ்பிரிங், கீழே ஒரு ஸ்பிரிங். தேய்ந்த ஷூக்களை எடுத்து வைத்தான். உரசித் தேயும் லைனிங் பட்டையைக் கடையில் புதுசாக அடித்து, முன்பே வாங்கி வைத்திருந்த ஷூக்களை மாட்டினான். வீல் சிலிண்டரைப் பிரித்து ரப்பரை மாற்றினான். வாய் சும்மா இருக்குமா? செக்போஸ்ட்காரர் வந்துவிட்டார்.

"ஏமய்யா டிரைவரு, பேப்பர்லு ஏதி? லோடு ஏமிட்டி?"

"மரவள்ளிக்கெழங்குங்க சார்" என்றார் ராக்கியண்ணன்.

"கெழங்கா? ஓவர் லோடு!"

"கெளம்பறப்ப சரியாத்தான் இருந்துதுங்க சார். மழையில நனைஞ்சு பெருத்துப் போச்சுங்க."

இருவரும் சிரித்தார்கள். ஒரு காலத்தில் அந்தப் பதிலை நிஜச் செக்போஸ்டில் சொல்லி, அரை நாள் வெயிலில் நின்றார்கள். அன்றைக்கு சிரிப்பு வரவில்லை. அது முப்பது வருஷம் ஊறி இன்றைக்குத்தான் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பாவாயியின் குரல் கேட்டது.

"ஏனுங், டீ வெச்சிருக்கறனுங். வலது கையாண்ட."

ராக்கியண்ணன் கையை நீட்டி எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். கிரீஸ் டப்பா.

"டேய்!"

சீரங்கன் லாரிக்கு அடியில் உருண்டு உருண்டு சிரித்தான். குரு டப்பாவைத் தூக்கி எறிந்தார். சரியாக அவன் காலில் விழுந்தது.

அடுத்த முறை கேட்டது நிஜப் பாவாயி.

"ஏனுங், டீ ஆறுதுங்."

"போடா டேய். கிரீஸ நீயே குடி."

பாவாயி டம்ளரோடு கிட்டே வந்தாள்.

"என்னது? 'டா'வா? கண்ணு போனதும் நான் ஆம்பளையாத் தெரியறனா?"

குரு டீயை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். சூடு வாயைப் பொத்திவிட்டது. சீடன் வெளியே வரவே இல்லை.

*

வலது பக்கத்துக்கு வந்ததும் சீரங்கனின் சத்தம் குறைந்தது.

டிரம்மைக் கழற்றினான். உள்ளே பார்த்தான். முப்பது வருஷம் பக்கத்து வீட்டில் குடியிருந்து, இன்றைக்குத்தான் அந்த வீட்டு அடுப்படியை எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. எல்லாம் இருந்தது. எல்லாம் மாறி இருந்தது. ஸ்பிரிங் கொக்கிகளின் முனைகள் ஒரே அளவாக உள்ளே திரும்பியிருந்தன. ஷூ உரசும் இடங்களில் கிரீஸ் பொட்டு வைத்த மாதிரி, பொட்டுக்கு மேல் ஒரு துளி அதிகமில்லை.

"இவ்வளவு சுத்தமாவா பண்ணுவீங்க?"

"உன் பக்கம் எப்படி?"

"என் பக்கம் கிரீஸு அப்பி வெச்சிருப்பனுங்ணா."

"தெரியும். சத்தம் கேக்கும்."

சீரங்கன் பழையதைப் பிரித்தான். புதுசை மாட்ட ஆரம்பித்தான். ஒரு ஷூவில் லைனிங் குட்டை. இன்னொன்றில் நீளம். இடது சக்கரத்தில் குட்டையானதை இடது கைப் பக்கம் போட்டிருந்தான். கை பழகியது அதற்குத்தான். இங்கேயும் இடது கைப் பக்கமே போட்டான். ஸ்பிரிங்கை இழுத்தான். கொக்கி ஓட்டையில் சேரவில்லை.

எழுந்து ஓடி, இடது சக்கரத்தைப் பார்த்துவிட்டு வந்தான். அங்கே டிரம் இன்னும் மூடவில்லை. பார்த்ததை மனசில் பிடித்துக்கொண்டு வலது பக்கம் வந்தால், எல்லாம் தலைகீழாக இருந்தது. மறுபடி ஓடினான். மறுபடி வந்தான். பிள்ளையாரைச் சுற்றுகிற மாதிரி லாரியைச் சுற்றினான்.

"நேர்த்திக்கடனா?" என்றார் ராக்கியண்ணன்.

"சேர மாட்டேங்குதுங்ணா. அங்க சரியா இருக்குது. அதே மாதிரிதான் இங்கியும் போடறேன்."

குரு எழுந்தார். லாரியின் பக்கப் பலகையைத் தடவிக்கொண்டே வந்து, சக்கரத்துக்கு முன்னால் குந்தினார். விரல்களை உள்ளே விட்டார். ஷூவை மேலிருந்து கீழாக ஒரு தடவு. எடுத்தார்.

"வண்டியோட மூக்கு எங்க இருக்குது?"

"அக்கட்டங்ணா."

"வாயில சொல்லாத. கையக் காட்டு. எந்தக் கையில காட்டற?"

சீரங்கன் பார்த்தான். வலது கை நீண்டிருந்தது.

"குட்டை லைனிங்கு எதைப் பாக்கோணும்?"

"மூக்கப் பாக்கோணுமுங்ணா."

"அது உன்னோட இடது கையப் பாத்துட்டு உக்காந்திருக்குது."

சீரங்கன் எல்லாவற்றையும் கழற்றினான். முகத்தை லாரியின் மூக்குப் பக்கம் திருப்பி ஒரு முறை பார்த்தான். குட்டையை வலது கைப் பக்கம் வைத்தான். நீளத்தை இடது கைப் பக்கம் வைத்தான். ஸ்பிரிங்கை இழுத்தான். 'டிக்' என்று உட்கார்ந்தது.

அந்த டிக்கைக் கேட்டு ராக்கியண்ணன் டயருக்குத் திரும்பினார்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சீரங்கன் கேட்டான்.

"அண்ணா, அந்தக் கெணறு ஞாபகம் இருக்குதுங்களா?"

"மறக்குமா?"

அது அவர்கள் சேர்ந்து ஓட ஆரம்பித்த புதுசு. ஒரு எள்ளு குடோனில் லாரியைப் பின்னால் எடுத்தார்கள். இடது பக்கம் சுவர் இல்லாத கிணறு. வண்டிக்கும் கிணற்றுக்கும் நிறைய இடம் இருந்தது. சீரங்கனுக்கு விளையாட்டு. செக்போஸ்ட்காரர் குரலில் 'நிறுத்துய்யா!' என்று அலறினான். ராக்கியண்ணன் பிரேக்கில் ஏறி நின்றார். மூட்டைகள் சரிந்தன. அவர் இறங்கி, லாரியைச் சுற்றி வந்து, கிணற்றை எட்டிப் பார்த்தார். அறையப் போகிறார் என்று சீரங்கன் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தான். அவர் அடிக்கவில்லை.

'இடப்பக்கத்துல வெளையாடாத' என்று மட்டும் சொன்னார்.

அன்று முதல் சீரங்கன் வழியெல்லாம் எல்லார் குரலிலும் பேசினான். இடப்பக்கம் பார்த்து 'வரலாம்' சொல்லும்போது மட்டும் சொந்தக் குரல். லாரியின் இடது கண்ணாடியை ஒருமுறை ஒரு பஸ் உரசிக்கொண்டு போனது. ராக்கியண்ணன் அதை மாற்றவே இல்லை. 'சீரங்கன் இருக்கறான். கண்ணாடி எதுக்கு?' என்றார். அந்த வெற்றுக் கம்பி இன்னும் அங்கே நீட்டிக்கொண்டிருந்தது.

*

சீரங்கன் ரெண்டு டிரம்மையும் மாட்டினான். இனி, பிரேக் எண்ணெய்க் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ரெண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் பெடலை மிதிக்க, ஒருத்தர் சக்கரத்தடியில் நட்டைத் திறந்து மூட.

ராக்கியண்ணன் வலது கதவைத் தேடிப் பிடித்து ஏறினார். அந்தப் படியில் அவர் கால் தடுமாறவில்லை. சீட்டில் உட்கார்ந்தார். கால் தானாகப் பெடலுக்குப் போனது.

சீரங்கன் அடியில் படுத்துக் கத்தினான்.

"மிதிங்ணா!"

"மிதிச்சாச்சு."

"புடிங்! விட்றாதீங்!"

"புடிச்சிருக்கறேன்டா."

நட்டைத் திறந்தான். எண்ணெய் புசுபுசுவென்று காற்றோடு பாட்டிலுக்குள் வந்தது. மூடினான்.

"இப்ப விடுங்!"

"முப்பது வருசம் நான் சொன்னேன், நீ கேட்ட" என்றார் மேலே இருந்து. "இப்ப நீ சொல்ற, நான் கேக்கறேன்."

"பேச்சு வேண்டாமுங்ணா. மிதிங்!"

இடது சக்கரம் முடிந்தது. வலது சக்கரமும் முடிந்தது. காற்று நின்று எண்ணெய் மட்டும் வந்தது.

"எப்படிங்ணா இருக்குது?"

"கல்லாட்ட நிக்குது."

சீரங்கன் பின்னால் ஓட்டைக்குள் திருப்புளியை விட்டு, டிரம்மைச் சுற்றிச் சுற்றிப் பல்லுச் சக்கரத்தை இறுக்கினான். சர்... சர்... என்று லேசாக உரசும் சத்தம் வந்தது. ராக்கியண்ணன் மேலிருந்து 'போதும்' என்றார். சக்கரங்கள் ஏறின. கட்டைகள் விலகின. லாரி தரையில் நின்றது.

அவர் மட்டும் இறங்கவில்லை.

சீரங்கன் எட்டிப் பார்த்தான். ராக்கியண்ணன் ரெண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்திருந்தார். கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்துப் பள்ளமான ஓர் இடம் அதில் உண்டு. விரல் அந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே தங்கிவிட்டது. முகம் நேரே, கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

சீரங்கன் தொண்டைக்குள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

வெகு நேரம் கழித்து அவர் இறங்கினார். முன் பம்பரைத் தடவினார். ஹெட்லைட்டைத் தடவினார். லாரியின் மூக்கைச் சுற்றி மறுபக்கம் போனார். இடது கதவுக்கு முன் நின்றார்.

"படி எங்கடா இருக்குது?"

"உங்க வண்டிதானுங்களே."

"இந்தப் பக்கம் நான் எப்ப ஏறுனேன்?"

"மேல ஒரு கம்பி இருக்கும். அதப் புடிச்சிட்டுக் கால வைங்ணா. கொஞ்சம் உள்ள தள்ளி."

ஏறினார். உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"என்னடா இது, ஸ்பிரிங்கு குத்துது?"

"அது எப்பவும் குத்துமுங்."

"முப்பது வருசமா இதுலயா உக்காந்துட்டு வந்த?"

"ஒரு பக்கமா உக்காருவனுங்ணா."

ராக்கியண்ணன் தோளில் இருந்த துண்டை மடித்துக் கீழே போட்டு, ஒரு பக்கமாக உட்கார்ந்தார்.

*

வெயில் மஞ்சளாகிவிட்டது. முருங்கை நிழல் கேட்டைத் தொட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மகன் போன் வரும்.

சீரங்கன் வலது சீட்டில் ஏறினான். பக்கத்து ஷெட்டில் இரவல் வாங்கிய பேட்டரி. சாவியைத் திருப்பினான். லாரி ரெண்டு முறை இருமிவிட்டு உயிர் வந்து குலுங்கியது. முருங்கைப் பூ கண்ணாடிமேல் உதிர்ந்தது.

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தான். நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, ராக்கியண்ணன் குரலில் அதட்டினான்.

"ம்ம்! போலாமாடா? என்னடா முழிக்கற?"

அச்சு அசல் அவரேதான். வாசலில் நின்ற பாவாயி திரும்பிப் பார்த்தாள்.

இடது சீட்டிலிருந்து நிஜ ராக்கியண்ணன் சொன்னார்.

"அந்தக் குரலுக்குக் கண்ணு தெரியாதுடா. உன்னோடதுல பேசு."

சீரங்கனின் நெஞ்சு இறங்கியது.

"பயமா இருக்குதுங்ணா" என்றான். அது அவன் குரல்தான்.

"ம். எடு."

கிளட்சை விட்டான். லாரி நகர்ந்தது. ரெண்டு வருஷம் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும் காய்ந்த இலையும் மட்டும் மிஞ்சின. முற்றத்தின் நடுவே பிரேக்கை மிதித்தான். லாரி தலையை ஆட்டி நின்றது.

"எக்கட்ட இழுத்துது?"

"எக்கட்டையும் இழுக்கலைங்ணா. நேரா நின்னுது."

"தப்பிச்ச. இழுத்திருந்தா ரெண்டு பக்கத்துத் திட்டும் உனக்குத்தான்."

கேட் வந்தது. குறுகிய கேட். வலது தூணைச் சீரங்கனால் பார்க்க முடிந்தது. ஒரு முழம் இடைவெளி. இடது தூணுக்கு அப்பால் வாய்க்கால். பாவாயி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இடது தூணோரம் போய் நின்றாள். கையை ஆட்டினாள். ஆனால் லாரியின் மூக்கு அவளை மறைத்துவிட்டது. குரல் மட்டும் வந்தது.

"வரலாம் தம்பி! வாங்க, வாங்க!"

சீரங்கன் எட்டிப் பார்த்தான். இடது ஜன்னலில் ராக்கியண்ணனின் தோள். அதற்கு வெளியே கண்ணாடி இல்லாத கம்பி. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து வலப்பக்கம் தெரியாதே என்று பயந்தான். வலப்பக்கம் இப்போது கைக்கெட்டுகிற தூரத்தில் பளிச்சென்று இருந்தது. அவன் முப்பது வருஷம் உட்கார்ந்த பக்கம்தான் காணாமல் போயிருந்தது.

காலைப் பிரேக்கில் அழுத்தினான்.

"இன்னும் வாங்க தம்பி! எடமிருக்குது!"

லாரி நகரவில்லை.

"ஏன்டா நிறுத்திட்ட?"

"அண்ணா, அக்கா எங்க நிக்கறாங்கன்னே தெரியல. தூணு தெரியல. வாய்க்கா தெரியல. அவங்க வரலாங்கறாங்க. எப்படிங்ணா வர்றது? எனக்கு இடப்பக்கம் தெரியலைங்ணா."

ராக்கியண்ணன் அவன் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எனக்கு எந்த நாளுடா தெரிஞ்சுது?"

சீரங்கன் அந்த வெற்றுக் கம்பியைப் பார்த்தான். வெளியே மறுபடியும் 'வரலாம்' என்று கேட்டது. பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தான்.